அங்கீகாரம் ஆன் தி வே

இன்று பிரிக்பீல்ட்ஸில், வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஏஜென்ட் ஒருவரிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மூளை அறுவை மருத்துவர்தான் ஆவேன் என்று அவளுக்குப் பிடிவாதம்.

"கவலையே வேணாம் அக்கா. இந்த யூனிவர்சிட்டில ஆறே வருஷம். நேரா நியூரோசர்ஜன்."

நானும் ஒரு மடச்சி, அவர் நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

மகள்தான் கேட்டாள். "அங்கிள், முதல்ல டாக்டர், அப்புறம் ஆஸ்பத்திரில ஹவுஸ்மன்ஷிப் பயிற்சி, அதுக்கப்புறம்தானே ஸ்பெஷலிஸ்ட்? இந்த டிகிரிக்கு நம்ம நாட்டுல அங்கீகாரம் இருக்கா?"

"ஆன் தி வே லா, பாப்பா. நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துடும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "வரலைன்னா? ஆறு வருஷம் படிச்சிட்டு வந்து உங்க ஆபீஸ்ல ஃபாரம் எடுத்துக் குடுப்பாளா?"

"டென்ஷன் ஆகாதீங்க அக்கா. போன வருஷம் அனுப்புன பிள்ளைங்களோட அம்மா யாரும் இப்படிக் கேக்கல."

அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளைகள் இந்த நிமிடமும் அங்கே விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபாரத்தை நாலாகக் கிழித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது கிள்ளானுக்குத் திரும்பும் வழியில், ஃபெடரல் ஹைவே ஜாமில் நிற்கிறோம். மகள் ஓட்டுகிறாள். அந்த அங்கீகாரமும் இங்கேதான் எந்த லோரிக்குப் பின்னாலோ மாட்டிக்கொண்டிருக்கும். யாராவது பார்த்தால் சொல்லுங்கள்.