கருவாட்டின் மேல் கறுப்புப் பட்டை

என் அப்பா உயிரோடு இருந்தவரை யார் முன்னாலும் அழுதவர் இல்லை. இறந்து ஆறு வருடம் கழித்துப் பன்னிரண்டு கட்டுரைகளில் தேம்பித் தேம்பி அழுதார். அழவைத்தவள் அவர் பெற்ற மகளான நான்தான்.

பெங்களூர் அடுகோடியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் பயிற்சி மையத்தில் வேலை பார்க்கிறேன். பியூசி, அதாவது பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, மார்க் பட்டியலோடு ஓர் ஆங்கிலக் கட்டுரையும் கேட்பார்கள். நாங்கள் அதை மெருகேற்றித் தருவோம். ‘இங்கே கட்டுரை எழுதித் தரப்படமாட்டாது’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த வாசகத்தை எழுதித் தந்தவளும் நான்தான்.

சில வருடங்களாகவே தலைப்பு எங்கே போனாலும் ஒன்றுதான். நீங்கள் அனுபவித்த ஒரு பாகுபாட்டை விவரியுங்கள், அதிலிருந்து நியாயத்தைப் பற்றி என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பார்கள். எங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய தலைவலி. பிறந்ததிலிருந்து அவர்களை யாரும் எதிலிருந்தும் ஒதுக்கியதில்லை. ஒருத்தன், அவனுடைய அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் ஏழு மணிக்கு மேல் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை விடுவதில்லை என்று மூன்று பக்கம் பொங்கியிருந்தான். ஒரு பெண் மட்டும் என் எதிரே உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். யோசித்து யோசித்துப் பார்த்தும் தனக்கு ஓர் அநியாயமும் நடந்ததாக நினைவில்லையாம். கூட வந்திருந்த அவள் அப்பா நல்ல மனுஷர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே, அதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார்.

பார்க்கப் பாவமாக இருந்தது. மாதிரிக்கு ஒன்று எழுதித் தருகிறேன், அப்படியே காப்பி அடிக்காதே என்று சொல்லி, கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த என் அப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து மேலே வரும் ஆட்களை, தங்கம் கடத்துகிறார்களா என்று வாசலில் சோதனை போடுவார்கள். உடம்பைத் தடவிப் பார்த்த பிறகு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்லி, மிச்சச் சோற்றுக்குள் ஒரு கம்பியை விட்டுக் கிளறுவார்கள். அதிகாரிகளின் டப்பாவை ஒருநாளும் யாரும் திறந்ததில்லை. இதுவரை உண்மை. முடிவு சப்பென்று இருந்ததால், கிளறிய சோற்றைப் பார்த்து அப்பா அழுதார் என்று ஒரு வரி சேர்த்தேன். தொழில் புத்தி.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல மாதிரி ஒன்று அகப்பட்டால், அதில் உறவு, ஊர், உணவு இந்த மூன்று இடங்களையும் காலியாக விட்டு, அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் கொடுத்துவிடுவோம். முதலாளிக்கு அப்பாவின் கதை பிடித்துப்போனது. அவர் சொன்னதும் அந்த மூன்று இடங்களையும் நானே அழித்துக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, வந்திருக்கும் கட்டுரைகளுக்கு மார்க் போட வர முடியுமா என்று கேட்டார்கள். முன்னாள் ஆங்கில ஆசிரியை என்கிற முறையில் கேட்டார்கள். இப்போது என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். ஆனால் உறவினர் யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு உண்மையைச் சொன்னேன். என் தம்பி மகள் விண்ணப்பித்திருந்தாள்.

மர்பி டவுனில் எங்களுக்குக் கீழும் மேலுமாக இரண்டு சின்ன வீடுகள். கீழே நான் ஒருத்தி, மேலே தம்பி குடும்பம். தம்பிக்கு லேத் பட்டறையில் வேலை. அவன் மகளுக்கு இயற்பியல் என்றால் உயிர். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு முழு உதவித்தொகை சீட் இருந்தது. அது கிடைத்தால் அவள் படிக்கலாம். கிடைக்காவிட்டால் ஒரு கால் சென்டரில் சேர்த்துவிடுவதாகத் தம்பியின் சிநேகிதர் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் கட்டுரையை எனக்குக் காட்டவில்லை. ஊரார் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற கன்னடப் பேராசிரியர், அதிர்ந்து பேசாதவர். அடுத்தவர் சமவாய்ப்பு அதிகாரி, கோயம்புத்தூர்ப் பெண், முப்பது வயதிருக்கும். மூன்றாவது நான். தம்பி மகளைப் பற்றிச் சொன்னதும் தலைவர் கவலையே படவில்லை. பெயரே இல்லாத கட்டுரையில் யார் யாரென்று எப்படித் தெரியும் என்றார்.

பெயர் மட்டுமா இல்லை? பாரபட்சத்துக்கு இடமே தரக் கூடாதென்று, எழுதியவர் யார் என்று காட்டும் எல்லாச் சொற்களையும் அந்த அதிகாரி கறுப்புப் பட்டையால் மூடியிருந்தார். ஊர், மொழி, சாதி, மதம், கோயில், தொழில், ஆளைக் காட்டிக்கொடுக்கும் சாப்பாடு எதுவும் தெரியாது. எல்லாரும் சாப்பிடுவதை மட்டும் விட்டுவைத்திருந்தார். இப்படிப் பாகுபாட்டைப் பற்றிய கட்டுரைகளில் எதனால் பாகுபாடு என்பதைத் தவிர மற்றதெல்லாம் படிக்கக் கிடைத்தது. மூடிய இடங்களைப் பட்டை என்றே படித்தால், நான் பட்டை என்பதால் என்னைப் பட்டையில் உட்கார விடவில்லை, அன்றுதான் பட்டை என்றால் என்னவென்று புரிந்தது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. பத்துக்கு ஏழு போட்டோம்.

மார்க் போடவும் முறை இருந்தது. பட்ட காயத்துக்குப் பத்து, கற்ற பாடத்துக்குப் பத்து, எதிர்த்தரப்பிடம் காட்டிய பெருந்தன்மைக்கு ஐந்து. ஒரு காயம் ஏழா எட்டா என்று நாங்கள் முக்கால் மணி நேரம் விவாதித்ததுண்டு. பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே விவாதித்தோம்.

இரண்டாவது சனிக்கிழமை கம்பிகள் வர ஆரம்பித்தன. முதல் கட்டுரையில், வீட்டுக்கு வரவழைத்த பீட்சாவை அபார்ட்மெண்ட் காவலாளி கம்பியால் குத்திப் பார்க்கிறார். அடுத்ததில் விமான நிலையத்தில் மாமியின் ஊறுகாய்க்குள் கம்பி. மூன்றாவதில் குதிரையேற்ற முகாமில் பிறந்தநாள் கேக்குக்குள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஓர் அப்பா அழுதார். ஓர் அப்பா ஏதோ பெரிய கம்பெனியின் டைரக்டர் என்பது பட்டை போட்ட பிறகும் தெரிந்தது. கேக்கைப் பார்த்து அவரும் அழுதார்.

ஐந்தாவது கம்பியில் தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பெங்களூரில் சாப்பாட்டுக்குள் கம்பி விடுவது இவ்வளவு பரவலாக இருப்பது தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். அதிகாரி, இது காப்பியாக இருக்குமோ என்றார். எங்கே என் பக்கம் திரும்பிவிடுவார்களோ என்ற பயத்தில் முந்திக்கொண்டேன். சாப்பாட்டில் கம்பி வந்தால் காப்பி, காப்பிக்குப் பூஜ்யம், விதிவிலக்கே கிடையாது என்று மேசையைத் தட்டிப் பேசினேன். என் நேர்மையைப் பார்த்துத் தலைவர் நெகிழ்ந்துபோனார். விதி ஒருமனதாக நிறைவேறியது. மொத்தம் பன்னிரண்டு பேருக்குப் பூஜ்யம் போட்டோம்.

பதின்மூன்றாவது கம்பி அடுத்த சனிக்கிழமை வந்தது. தலைவர் சத்தமாகப் படித்தார். ‘என் தாத்தா வேலை முடிந்து வரும்போது அவருடைய டப்பாவுக்குள் கம்பியை விடுவார்கள். அதனால் அவர் வேண்டுமென்றே தினமும் ████ குழம்பு கொண்டுபோய், பாதியை மிச்சம் வைப்பார். கம்பியை விட்டவர் அன்று முழுவதும் தன் கையைத் தானே முகர முடியாமல் திரிவார். ஒரு மாதத்தில் அந்த வரிசையில் பாதிப் பேர் ████ கொண்டுவந்தார்கள். சோதனை போடுகிறவர் டப்பாவைத் திறக்காமலே போங்கள் போங்கள் என்றார்.’

அழுகை இல்லை. இதில் காயம் எங்கே என்று தலைவர் தேடினார். நூற்றுக்கணக்கான தாள்களில் தானே மூடிய சொல் அதிகாரிக்கும் நினைவில்லை. எதற்காக அந்த ஆள் கையை முகர முடியாமல் திரிகிறார், காயத்துக்கு இரண்டுகூடத் தேறாது, எப்படியும் கம்பி இருப்பதால் பூஜ்யம்தானே என்று சொல்லி அடுத்த தாளை எடுத்துவிட்டார்.

எனக்கு மட்டும் பட்டைக்குக் கீழே இருந்தது மணத்தது. இந்தக் கதையை அப்பா எங்கள் வீட்டில் நூறு தடவை சொல்லியிருக்கிறார், சொல்லும்போதெல்லாம் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அதை விட்டுவிட்டுத்தான் நான் அழுகையை எழுதியிருந்தேன். பேசாமல் இருந்தால் என் மானம் தப்பும், இதை எழுதிய தம்பி மகள் கால் சென்டருக்குப் போவாள். ஒரு நிமிடம் பேசாமல்தான் இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

“அது கருவாடு,” என்றேன்.

அதிகாரி பதறிப்போனார். “மேடம், அத நீங்க வெளிய சொல்லக் கூடாதுங்க. அத வெச்சு ஆளக் கண்டுபிடிச்சிருவாங்க.”

தலைவர் அப்படியென்றால் என்ன என்று கேட்டார். ஒண மீனு என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, மிக நல்ல கட்டுரை, ஆனால் இப்போது கேட்டதைத் தான் மறந்துவிட வேண்டியிருக்கிறது என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னார். அதன் பிறகுதான் அது கருவாடு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“அவரு எங்க அப்பா, சார். மத்த பன்னெண்டு கட்டுரையில அழுவுறதும் அவருதான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கரி மாடி, மாதிரி, காலி இடங்கள், மேசையைத் தட்டியது என்று ஒன்றையும் விடவில்லை. தலைவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். இந்தக் கட்டுரை சொந்தக் கதைதான் என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி, ஆனால் அத்தை என்பதால் என் சாட்சி செல்லாது. கம்பி விதியைத் தளர்த்தலாம், ஆனால் ஒருவருக்கு மட்டும் தளர்த்தினால் அது பாகுபாடு. ஆகவே பதின்மூன்று பேருக்கும் ஒரு வாரம் அவகாசம், வேறு கட்டுரை அனுப்பட்டும், அதில் கம்பி வேண்டாம். நான் இனி வர வேண்டாம்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் எங்கள் பேக்கரி மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள், புதிதாக ஒரு பாகுபாடு வேண்டுமென்று. முதலாளி என்னைப் பார்த்தார். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தம்பி மகளிடம் அன்று சாயங்காலம்தான் சொல்ல முடிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தைரியம் வரவில்லை. அவள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“தாத்தா அழுதாருன்னா எழுதுனீங்க?” என்றாள்.

ஆமாம் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க வேலையைப் பற்றிப் பேசினேன். அப்பாவைப் பற்றி இன்னும் நிறையச் சம்பவங்கள் இருக்கின்றன, ரயிலில் நடந்தது ஒன்று, கேன்டீனில் நடந்தது ஒன்று, ராத்திரிக்குள் ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. தம்பி இரண்டு பக்கமும் பேச முடியாமல் முழித்தான்.

ஐந்தாவது நாள் கட்டுரையை அனுப்பிவிட்டதாகத் தம்பி சொன்னான். என்ன எழுதினாள் என்று அவனுக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. போன ஜூனில் பதில் வந்தது. அந்த ஒரு சீட் அவளுக்குத்தான். தம்பி தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் மைசூர் பாகு கொடுத்தான். நான் கீழ்வீட்டில் தனியாக உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அவள் விடுதிக்குக் கிளம்பிய அன்று காலையில் மேலே போனேன். பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இதற்குள் பழையபடி பேச ஆரம்பித்திருந்தாள். போர்வை எடுத்தாயா, சார்ஜர் எடுத்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல, அந்தக் கட்டுரையை ஒருமுறை நான் படிக்கலாமா என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

“இல்ல அத்த, உங்ககிட்ட காட்ட மாட்டேன். நல்லாயிருந்தா அதையும் யாருக்காவது குடுத்துடுவீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. உன்னைப் பெற்ற மகளாக நினைத்தவளை இப்படிப் பேசலாமா என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டுரை அப்படி என்னதான் சொல்லி ஜெயித்திருக்கும், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அதில் எந்தெந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று யோசித்துக்கொண்டுதான் நான் படியேறி வந்திருந்தேன்.