மூப்பரின் வலது கை

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனபோது, வலது கையையாவது கர்த்தர் காப்பாற்றிக் கொடுத்தாரே என்று சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அந்த ஸ்தோத்திரத்தில் என் குரலும் இருந்தது. அந்தக் கையால்தான் இரண்டு வருடம் நான் அடி வாங்கினேன்.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில். மாமனார் சபையில் மூப்பர். வாயும் புத்தியும் தெளிவாகவே இருந்தன. பார்க்க வருகிறவர்கள் முன்னால் உருக்கமாக ஜெபிப்பார். அவர்கள் படியிறங்கியதும் ஆரம்பித்துவிடும். கஞ்சி கொஞ்சம் சூடாக இருந்தால் கிண்ணம் என் மேல் வரும். துணி மாற்றக் குனிந்தால் முடியைப் பிடித்து இழுப்பார். கைத்தடி எட்டினால் முட்டியில் போடுவார். அவர் திட்டிய வார்த்தைகளை எழுத எனக்குக் கூசுகிறது.

என் கணவர் டெம்போவில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஓசூர் போகிறவர். முதல் தடவை வீங்கிய கன்னத்தை அவரிடம் காட்டினேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நோயாளி, செல்வி. தெரிஞ்சா அடிக்கறாரு? கொஞ்சம் பொறுத்துக்க. வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத. குடும்பத்து சாட்சி, நல்ல பேரு எல்லாம் கெட்டுடும்."

அதற்குப் பிறகு மாமனார் கத்தத் தொடங்கினாலே நான் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ்போடுவேன். அடி வாங்குகிறவளே அடிக்கிறவருக்கு மறைவும் கொடுத்தேன்.

பொம்மிடியில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். "அது உனக்குக் குடுத்த சிலுவை, கண்ணு. சொமந்துதான் ஆகணும்" என்றாள். சபையில் பெண்கள், மருமகள் என்றால் செல்வி மாதிரி இருக்க வேண்டும் என்று என் காதுபடவே பேசினார்கள்.

நானும் ஜெபித்தேன். ஆண்டவரே, அந்தக் கையையும் எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் கை நாளுக்கு நாள் பலமாகத்தான் ஆனது. அதற்கான பயிற்சியைத் தினமும் செய்து வைத்ததும் நான்தானே.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அன்று காலை அடுப்படியில் நின்றபடி வேறு மாதிரி கேட்டேன். "ஆண்டவரே, நீர் தடுக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒருத்தராவது பார்க்கட்டும்." அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அடுத்த தெரு ராஜாத்தி அக்கா மட்டும் டீ கிளாஸ்களைக் கழுவித் தருகிறேன் என்று பின்பக்கம் தங்கிவிட்டார். மாமனாருக்கு அது தெரியாது. அவரைப் படுக்க வைக்கப் போனேன். கூட்டத்தில் தன்னைச் சுவரோரமாக உட்கார வைத்து அவமானப்படுத்திவிட்டேன் என்று கைத்தடியால் தோளில் ஓங்கிப் போட்டார். நான் வழக்கம்போலக் கதவைத் தாழ்போடத் திரும்பினேன். அடுப்படி நிலைப்படியில் அக்கா ஈரக் கையோடு நின்றிருந்தார்.

மாமனார் உடனே கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார்.

உனக்காக ஜெபிக்கிறேன் என்று அக்கா சொல்லவில்லை. கைத்தடியைப் பிடுங்கி வெளியே வீசினார்.

"ரெண்டு துணி எடுத்துக்க. எங்க வூட்டுக்குப் போ."

"இவருக்கு யாருங்கக்கா சோறு குடுக்கறது?"

"பெத்த மவன் இருக்கறான் இல்ல? வண்டிய நிறுத்திட்டு வரச் சொல்லு. அவன் வர்ற வரைக்கும் நான் இங்க உக்காந்திருக்கறேன்."

இரண்டு நாள் கழித்து என் கணவர் என்னை அழைத்துப்போக அக்கா வீட்டுக்கு வந்தார். உதடு கிழிந்திருந்தது.

"எனக்கும் போட்டுட்டாரு, செல்வி" என்றார்.

இரண்டு வருடம் என் உடம்பில் தெரியாதது இரண்டு நாளில் அவர் உதட்டில் தெரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அடக்கவில்லை.

அக்காவை வைத்துக்கொண்டுதான் பேசினோம். மாமனாரைத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குக் கோபம் கூடும் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். "அதுக்காக நீங்க அடி வாங்கணும்னு இல்லம்மா" என்றும் சொன்னார். அந்த ஒரு வரியைச் சொல்ல ஆள் கிடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இப்போது குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் என் கணவரும், வெளியூரிலிருந்து முறை வைத்து வரும் கொழுந்தனாரும். நான் சமைத்துக் கொடுக்கிறேன், கிட்டே போவதில்லை. வாசல் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது. மாமனார் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ மன்னித்துவிட்டாயா என்று என்னைக் கேட்காதீர்கள். அது எனக்கும் கர்த்தருக்கும் நடுவில் இன்னும் தீராத பேச்சு.

ஆனாலும் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். ஒருத்தராவது பார்க்கட்டும் என்றேன், ஒருத்தரை நிறுத்தி வைத்தார். அதற்காக உயிருள்ளவரை அவரைத் துதிப்பேன். என்னைப் போல இருக்கிற சகோதரிகளே, நம்பிக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுக் கதவைத் தாழ்போடாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஜெபிக்கப் போனால், அங்கே பாடுபடுகிற பெண்ணின் பொறுமையைப் புகழ்ந்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். கொஞ்ச நேரம் தங்கி, அந்த டீ கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள்.