வாத்தியார் வேண்டாத ரங்கராஜ்

கோயமுத்தூரை ஒட்டிய கணபதியில் கிரைண்டர் செய்து விற்ற ரங்கராஜுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமைதான். அவர் யாரிடமும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. கடையில் ஒரு கிரைண்டரை வாங்கி வந்து, கழற்றிப் போட்டுப் பார்த்து, அதே மாதிரி ஒன்றைச் செய்து தொழில் தொடங்கியவர். இந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண மண்டபம் கோயமுத்தூரில் கிடையாது. கழற்றிய கிரைண்டரை மறுபடி மாட்ட முடியாமல் காயலான் கடைக்குப் போட்டதை மட்டும் சொல்லமாட்டார். அதைச் சொல்வதற்கு அவர் மனைவி ரங்கநாயகி இருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஊரில் கொஞ்சம் வசதி வந்தவர்களுக்கெல்லாம் கோல்ஃப் என்று ஒரு பைத்தியம் பிடித்தது. கிணத்துக்கடவு ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் மைதானம். மைதானம் என்றதும் பச்சைப்பசேல் என்று நினைத்துவிட வேண்டாம், பாதி செம்மண், மீதி வேலாமுள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைத் தொப்பியும் ஒற்றைக் கையுறையுமாக வந்து, பந்தை அடிக்கிறேன் பேர்வழி என்று அந்த மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பார்கள். இதே மண்ணைச் சொந்தத் தோட்டத்தில் கொத்தச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொண்டது என்பார்கள்.

ரங்கராஜ் அங்கே போனதற்கு ஆட்டம் காரணமில்லை, நரசிம்மலுதான் காரணம். நரசிம்மலு நூல் மில் முதலாளி. ரங்கராஜுக்குச் சுற்றி வளைத்தால் உறவு. ஆனால் விசேஷ வீடுகளில் பார்த்தால் தலையை லேசாக அசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அவரோடு காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த தம்பிதுரையும், ஆர்.எஸ்.புரத்துப் பல் டாக்டர் ஒருவரும் வாராவாரம் ஆடுவார்கள். நாலாவது ஆள் பெங்களூருக்குக் குடிபோய்விட, அந்தக் காலி இடத்தில் ரங்கராஜ் நுழைந்துகொண்டார். வாரத்தில் ஒரு காலை மட்டும் கிரைண்டர்காரர் மில்லுக்காரரோடு சரிசமமாக நடக்கலாம், ஒரே மேசையில் உட்கார்ந்து ஆம்லெட் சாப்பிடலாம். அந்த நாற்காலி போய்விடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலையெல்லாம். தொழில் கவலைகூட அதற்கு அப்புறம்தான்.

நாலு பேரில் ஒருவருக்கும் ஆடத் தெரியாது. அடித்த பந்து எந்தப் பக்கம் போகும் என்று அடித்தவருக்கே தெரியாது. அப்படி ஒரு சமத்துவம் அங்கே நிலவியபோதுதான் பீர் முகம்மது என்று ஒரு கோச் வந்து சேர்ந்தார். ஊட்டியில் வெள்ளைக்காரருக்கே கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வார். யார் மட்டையைத் தூக்கினாலும், "நேச்சுரல் ஸ்விங் சார் உங்களது" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பிழைத்துவிடக்கூடிய ஆள்.

அவரிடம் பாடம் படிப்பதா வேண்டாமா என்று ஆம்லெட் மேசையில் பெரிய விவாதம் நடந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தை மாற்றினால் இருக்கிற ஆட்டமும் போய்விடும் என்றார் டாக்டர். ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு வருஷக்கணக்காகப் படித்த மனுஷர் சொன்ன கருத்து இது. நாம் வருவதே காற்று வாங்கத்தானே என்றார் தம்பிதுரை. ஆட்டம் ரத்தத்தில் வர வேண்டும் என்றார் நரசிம்மலு. தன் ரத்தத்தில் அது வந்துவிட்டது என்பது அவர் எண்ணம். எல்லாரையும்விட உரக்கப் பேசியவர் ரங்கராஜ்தான். கிரைண்டர் கதையை முதலிலிருந்து சொன்னார். வளர்ந்த மனுஷன் இன்னொருவனிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று கேட்டார். கடைசியில் நாலு பேரும் போவதில்லை என்று முடிவு செய்து, அதற்காக இன்னொரு சுற்று டீ குடித்தார்கள்.

சும்மா இருந்திருந்தால் ரங்கராஜ் பிழைத்திருப்பார். கோளாறு ஆளிடம் இல்லை, மட்டையில்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வெளிநாட்டு மட்டை ஒன்றை அறுத்துப் பார்த்தார். பக்கத்து ஃபவுண்டரியில் அதே மாதிரி தலையை வார்த்து, லேத்தில் பிடித்து, இரும்புக் குழாயில் பற்றவைத்து, கைப்பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றினார். தூக்கினால் கடப்பாரை தோற்றது. ஏதோ அதிர்ஷ்டத்தில் அதைக் கொண்டு ஒரு அடி நேராகப் போய்விட்டது. அவ்வளவுதான், மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஜோடி செய்து கொடுத்தார். அவர்களும் முகம் கோணாமல் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் போவதற்குள் அதிசயம் நடந்தது. நரசிம்மலுவின் பந்து நேராகப் போக ஆரம்பித்தது. டாக்டர் குழிக்குப் பக்கத்தில் விழவைத்தார். தம்பிதுரைகூட முள்ளுக்குள் போவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆடியது என்னவோ பழைய வெளிநாட்டு மட்டைகளில்தான். மற்ற நாளில் தான் செய்துகொடுத்த மட்டையைத் தூக்கிப் பழகியதால்தான் தோளுக்கு இந்த பலம் வந்தது என்று ரங்கராஜ் கணக்குப் போட்டுக்கொண்டார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ரங்கநாயகி மட்டும், "அவிங்களுக்கெல்லாம் நல்லா அடிக்குது. செஞ்ச உங்களுக்கு மட்டும் ஏனுங்க அடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். செய்கிறவனுக்குப் பலன் தாமதமாகத்தான் வரும் என்று அவர் பதில் சொன்னார். மடத்தனத்துக்குக்கூட ஒரு அளவு உண்டு, ரங்கராஜிடம் அது இல்லை.

ஒரு புதன்கிழமை காலையில், இன்னும் கனமாகச் செய்த புது மட்டையைச் சோதித்துப் பார்க்க மைதானத்துக்குத் தனியாகப் போனார். பயிற்சித் திடலில் மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். மில்லுக்காரர், டாக்டர், தம்பிதுரை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் குனிந்து நின்ற அவர்களின் முட்டியைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார் பீர் முகம்மது. கால் விரல்கள் கோடு தவறாமல் நிற்பதற்காக ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு மட்டையைத் தரையில் போட்டிருந்தார். அவையெல்லாம் ரங்கராஜ் செய்த மட்டைகள்.

அவரைப் பார்த்ததும் நரசிம்மலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் தன் கையுறையை ஆராய்ந்தார். தம்பிதுரைதான் நிமிர்ந்து பக்கத்தில் வந்தார். நல்ல மனுஷர் என்பதால் இல்லை, பொய் சொல்லச் சோம்பல்படுகிறவர்.

"கோவிச்சுக்காதீங்க. உங்களையும் கூப்பிடலாம்னு நாஞ் சொன்னேனுங்க. நாலு பேரும் கத்துக்கிட்டா, அப்பறம் ஞாயித்துக்கெழமை யாரைச் செயிக்கறதுன்னு மில்லுக்காரர் கேட்டுப்போட்டாருங்க."

பீர் முகம்மது ஓடி வந்து, வியாழக்கிழமை தனியாக வாருங்கள், யாருக்கும் தெரியாமல் சொல்லித் தருகிறேன், உங்களுடையது நேச்சுரல் ஸ்விங் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று ரங்கராஜ் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். ரங்கநாயகி சிரிக்கவில்லை. "ஒண்ணு கத்துக்கிட்டு அவிங்களைச் செயிச்சுக் காட்டுங்க. இல்லீன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சோறு வைத்தார்.

வியாழக்கிழமை அவர் போகவில்லை. கர்வம் தடுத்திருந்தால் மன்னித்துவிடலாம், அது தடுக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தார். கற்றுக்கொண்டு ஜெயித்தால் நரசிம்மலு வேறு நாலாவது ஆளைப் பார்த்துக்கொள்வார். மைதானத்துக்கே போகாமல் விட்டால் நாற்காலி அன்றைக்கே போய்விடும். ரங்கநாயகி சொன்ன இரண்டிலும் நாற்காலி இல்லை. அதனால் மூன்றாவதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எதுவும் நடக்காதது போலப் போய் நின்றார். அவர்களும் எதுவும் நடக்காதது போல நின்றார்கள். மூன்றாவது குழியில், எப்படி என்று தெரியவில்லை, ரங்கராஜ் அடித்த பந்து எல்லாருடைய பந்தையும் தாண்டிப் போய்க் குழிக்குப் பக்கத்தில் நின்றது. வாழ்நாளில் அவர் அடித்த ஒரே உருப்படியான அடி. ஒருவரும் கை தட்டவில்லை. நரசிம்மலு டாக்டரைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ரங்கராஜ் பின்னால் தனியாக நடந்தார்.

அடுத்த குழியில் அவர் வெகு நேரம் நின்று பார்த்தார். பிறகு தோளை ஒரு பக்கமாகத் திருப்பி ஓங்கி அடித்தார். பந்து நேராக வேலாமுள் புதருக்குள் போய் விழுந்தது. இந்த ஆட்டத்தில் அவர் நினைத்த இடத்தில் பந்தை விழவைத்தது அதுதான் முதல் தடவை.

நரசிம்மலு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து ரங்கராஜின் தோளில் கையைப் போட்டு, அடுத்த குழி வரைக்கும் எடுக்காமல் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் ரங்கராஜ் ரங்கநாயகியிடம், இன்றைக்கு ஆட்டம் பிரமாதம் என்றார்.