வரப்பில் நின்ற கால்

சட்டம் மனுஷனுக்குள்ளேயே இருக்கிறது என்று யாராவது பேசினால் முன்பெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். உள்ளேயே இருந்தால் கோர்ட்டு எதற்கு, வக்கீல் எதற்கு? அந்தச் சிரிப்பு போய் இரண்டு வருஷமாகிறது.

மரக்காணத்தில் என் உப்பளமும் அண்ணனுடைய உப்பளமும் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அப்பா போன பிறகு அந்த வரப்பு யாருடையது என்று சண்டை வந்தது. நான்தான் கோர்ட்டுக்குப் போனேன். தீர்ப்பு வரும்வரை ஒருவர் நிலத்தில் மற்றவர் கால் வைக்கக் கூடாதென்று தடை உத்தரவு வாங்கினேன். பெரிதாக ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு வேறு.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வானம் கருத்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி, கிட்டே எந்த உப்புக் குவியல் இருக்கிறதோ அதன்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட வேண்டும். யாருடையது என்று கேட்கமாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டார்கூட அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்தச் சித்திரையில் நான் ஊரில் இல்லாத ஒரு மத்தியானம் கோடை மழை அடித்தது. வந்து பார்த்தால் என் குவியல் மூடியிருந்தது, ஓரமெல்லாம் கல் வைத்து. வரப்பிலிருந்து குவியல்வரை சேற்றில் காலடிகள். அண்ணன் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார், எனக்குத் தெரியாமல் போகுமா? நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்போனில் படம் பிடித்து வக்கீலுக்கு அனுப்பினேன். உத்தரவை மீறிவிட்டார் என்று.

கோர்ட்டில் கேட்டபோது அண்ணன், "ஆமாங்க, போனேன். மழ வந்துச்சுங்க," என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆனி மாதம் ஒரு காலை, உப்பு வாரிக்கொண்டிருந்த அண்ணன் வாரும் பலகையோடு அப்படியே சரிந்தார். வரப்பில் நின்ற எனக்கும் அவருக்கும் பத்துப் பதினைந்து எட்டுத் தூரம்தான். என் வலது கால் கீழே இறங்கிவிட்டது. சத்தியமாக, நான் நினைப்பதற்கு முன்பே இறங்கியது. அப்புறம்தான் அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. என் காலடியையும் யாராவது படம் பிடித்தால்? காலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. காலை வரப்புக்கே மேலே இழுத்துக்கொண்டு வக்கீலுக்குப் போன் போட்டேன். கூடப் பிறந்தவன் சேற்றில் கிடக்கிறான், நான் வக்கீலுக்குப் போன் போட்டேன்.

அவர் எடுக்க நேரமானது. விஷயத்தைக் கேட்டதும், "யோவ், இதப் போயி எங்கிட்ட கேட்டுக்கினு நிக்கிற! ஓடுய்யா! ஸ்டேயாவது கீயாவது!" என்று கத்தினார்.

ஓடினேன். அதற்குள் அண்ணனிடம் கூலி வேலை செய்யும் பெண் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"போயிட்டாருண்ணே."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க கால கீழ வெச்சதும் உங்களப் பாத்து கைய நீட்டுனாருண்ணே. நீங்க போனப் பாத்துக்கினு இருந்தீங்க."

அண்ணி வரப்பே வேண்டாமென்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். வரப்பு இப்போது என்னுடையது. மாரடைப்பு, உடனே போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். அதையே சொல்லித்தான் எல்லாரும் என்னைத் தேற்றுகிறார்கள். பிழைக்க வைத்திருக்க முடியாதுதான். நீட்டிய கையைப் பிடித்திருக்கலாமே.