வெந்த முடிக்கு ஒரு வேண்டுதல்

எனக்குச் சுருட்டை முடி. அம்மாவின் முடி அப்படியே வந்திருக்கிறது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தபோது, “தலையக் கொஞ்சம் அடக்கமா வச்சுக்கோம்மா” என்று மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார். ரோஷத்தில் அன்றைக்கே தென்காசி பஜாரில் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கிவிட்டேன். அவர் பின்னி முடிந்துகொள்ளத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

எட்டு மாசம் ஒன்றும் ஆகவில்லை. வினை சீசனில் வந்தது. செவ்வாய், வெள்ளி என்றால் விடிந்ததும் ஹாஸ்டலிலேயே தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ரூம்மேட்டோடு ஐந்தருவிக்குப் போவேன். அருவியில் ஷாம்பு போடக்கூடாது. எதற்குப் போட வேண்டும்? அந்தத் தண்ணீர் அடிக்கிற அடியில் எண்ணெய் என்ன, போன ஜென்மத்துப் பாவமே போய்விடும் என்று நினைப்பு. சாரலில் முடி காயவும் காயாது. எட்டு மணிக்கு டூட்டி. ஈரத்தோடு மெஷினை வைத்து இழுப்பேன். சொய்ங் என்று சத்தம் வரும், ஆவி பறக்கும். நல்ல வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். “வடகம் தாளிக்கிற வாசனை வருதுட்டி” என்று ரூம்மேட் சிரித்தாள். நானும் சிரித்தேன். எண்ணெயில் என் முடியை நானே பொரித்துக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

சீசன் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு மெஷின் போடாமல் காயவைத்தேன். சுருள் வரவில்லை. வேர்ப்பக்கம் நாலு விரற்கடை மட்டும் சுருண்டிருந்தது. அதற்குக் கீழே எல்லாம் ஈர்க்குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. ரூம்மேட் முட்டை போடச் சொன்னாள். ஒரு வீடியோவில் புரோட்டீன் கொடு என்றார்கள். அடுத்த வீடியோவில் புரோட்டீன் கொடுத்தால் முடி இன்னும் விறைக்கும், ஈரப்பதம்தான் வேண்டும் என்றார்கள். எண்ணெய் வை என்று ஒருத்தி, எண்ணெயே எமன் என்று இன்னொருத்தி. கஞ்சித்தண்ணீர், தயிர், வெந்தயம் எல்லாம் என் தலையில் ஏறி இறங்கின. எதனால் கொஞ்சம் மிருதுவானது, எதனால் இன்னும் உடைந்தது என்று எனக்கே புரியவில்லை.

கடைசியில் பார்லர் அக்கா முடியை இரண்டு விரலால் உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “வெந்தது வெந்ததுதான். அவிச்ச முட்டையத் திரும்பப் பச்சை முட்டையா ஆக்க முடியுமா? வெட்டிரு. புதுசா வாரது சுருண்டு வரும்.”

வெந்ததெல்லாம் போகக் காதளவுக்கு வெட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு திருவேங்கடத்துக்கு, வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றே யோசனை. எட்டு வயது வரை என் தலையில் சீப்பு உடைந்தால் அம்மா சீப்பைத்தான் திட்டுவாள், முடியைத் திட்டமாட்டாள். மெஷினில் பொசுக்கிவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

“ஏட்டி, முடிய எங்க?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “பண்பொழி மலை முருகனுக்கு வேண்டிக்கிட்டேம்மா. பூமுடி குடுத்தேன், கொஞ்சம் கூடவே வெட்டிட்டாங்க.” பெண்கள் மொட்டை போடாமல் கொஞ்சம் முடி மட்டும் வெட்டிக் காணிக்கை கொடுப்பது எங்கள் பக்கம் சகஜம். யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள்.

அம்மா கேட்டாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். “யாருட்டி உனக்குச் சொன்னா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. திருநெல்வேலியில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். பயப்படுவேன் என்று பத்து நாளாக என்னிடம் மறைத்திருக்கிறாள். “எனக்காகவா குடுத்த?” என்று என் மொட்டைக் கழுத்தைத் தடவிக்கொண்டே அழுதாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று ரிசல்ட் வந்தது. இனிமேல் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அம்மா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் “எம்மக முடிதான் என்னைய காப்பாத்துச்சு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். பொய் சொன்னேனா, தெரியாமல் மெய்யாகவே வேண்டிக்கொண்டேனா என்று சில நாள் எனக்கே குழம்பியது.

ஆறு மாசம் கழித்து முருகனுக்கு நன்றி சொல்ல மலைக்குப் போனோம். மேலே போனதும் அம்மா நேராக முடி இறக்குகிற இடத்துக்கு நடந்தாள்.

“அம்மா, எதுக்கு?”

“நீ எனக்குக் குடுத்தேல்லா? ரிசல்ட் வந்த அன்னைக்கே நானும் உனக்காக நேந்துட்டேன்.”

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“அப்புறம் சொல்லு. சாமி காரியத்துல பேசப்படாது.”

கொண்டையை அவிழ்த்தாள். ஐம்பத்திரண்டு வயதிலும் இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி. ஒரு நாளும் சூடு காணாத முடி. தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்தார்கள். கொத்துக் கொத்தாக விழுந்தது. ஈரத் தரையில் கிடந்தும் சுருள் குலையவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சந்தனம் பூசிக்கொண்டு எழுந்து வந்தவள், கழுத்தளவுக்கு வளர்ந்திருந்த என் முடியில் ஒரு சுருளைப் பிடித்து இழுத்து விட்டாள். அது சட்டென்று திரும்பிச் சுருண்டுகொண்டது.

“பாத்தியா, எவ்வளவு அழகா வருது. சாமி ஏத்துக்கிட்டாருட்டி” என்றாள். “என்னமோ சொல்லணும்னியே?”

“ஒண்ணுமில்லம்மா” என்றேன்.