விளம்பரப் பலகைக்குக் கீழே அக்கா

என் அத்தான் எண்ணெய் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கம்பெனியின் ஒரு துண்டு டேப்கூட அவர் வீட்டுக்கு வந்ததில்லை. சட்டைப்பையில் தவறி ஒரு ஸ்க்ரூ வந்துவிட்டால் மறுநாள் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். "இந்த மனுஷன் கட்டிக்கிட்டது என்னையா, கம்பெனியையா?" என்று அக்கா கேட்பாள்.

அந்தக் கம்பெனியின் யோக்கியதையைக் கேளுங்கள். கழுத்துவரை கடன். வருஷா வருஷம் அரசாங்கம் வரிப்பணத்தை அள்ளிக் கொட்டும். அது வட்டிக்குப் பாதி, பெரிய அதிகாரிகளின் புதுக் காருக்குப் பாதி என்று கரைந்துபோகும். நான் பெட்டிக்கடைக்காரன். சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறவன். எனக்கு வயிறு எரியாதா?

ஆலையின் உச்சிக் குழாயில் இரவு பகலாக எரியும் தீயின் புகைக்குப் பக்கத்திலேயே, கம்பெனி குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தினாள் அக்கா. நுரையீரல் கெட்டுப்போனது. ஆக்சிஜன் மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். கடன் வாங்கி வாங்கினோம். ஆனால் குவார்ட்டர்ஸுக்குக் கரண்ட் தருவதும் கம்பெனியின் டீசல் ஜெனரேட்டர்தான். டீசலை மிச்சம் பிடிக்கிறோம் என்று தினமும் சாயங்காலம் நிறுத்திவிடுவார்கள். எண்ணெய் கம்பெனிக்கே டீசல் பஞ்சமாம்! அந்த நேரத்தில் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுவாள்.

இந்தத் தடவை பணம் வேண்டுமென்றால் சூரிய மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. உடனே குவார்ட்டர்ஸ் மொட்டை மாடி முழுக்க சோலார் தகடுகள். ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினார்கள். ஒயர் மட்டும் மாடியைவிட்டு இறங்கவில்லை. அதற்கு ஒதுக்கிய பணமும் பழைய வட்டிக்குப் போய்விட்டதாம். த்தூ.

ஒருநாள் அக்காவின் உதடு நீலம் பாரித்தது. அதுவரை பொறுத்த அத்தான் மாடியேறினார். ஒயர் அவர் சொந்தக் காசில் வாங்கியது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் என் கடை விளக்குக்கென்று வைத்திருந்ததை நான் தூக்கிப்போனவை. அன்று சாயங்காலம் கரண்ட் போனபிறகும் மெஷின் ஓடியது. அக்கா எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். "கடைய யார்கிட்டடா விட்டுட்டு வந்த?" என்று என்னைத் திட்டவும் செய்தாள். அந்தத் திட்டைக் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்தது.

பிறகு பணம் கொடுத்த அரசாங்கத்து ஆட்கள் பார்வையிட வந்தார்கள். அத்தனை தகடுகளில் விளக்கெரிந்தது ஒரே வீட்டில். மேனேஜர் அவர்களை நேராக அங்கே கூட்டிவந்தார்.

"பாருங்க சார், நம்ம தொழிலாளி குடும்பம் இப்ப சோலார்லதான் மூச்சு விடுது."

அக்காவைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அடுத்த தவணைப் பணம் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. அதற்காகவே காத்திருந்ததுபோல் மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டனுப்பினார்.

"கேக்காம கம்பெனி பொருள்ல கை வச்சா அது திருட்டுப்பா. உனக்கு விட்டா எல்லா வீட்டுக்காரனும் கேப்பான். கழட்டிரு. வேலைய விட்டுத் தூக்காம இருக்கேனேன்னு சந்தோஷப்படு."

அத்தானைப் பார்த்துத் திருட்டு என்கிறான், வெட்கம் கெட்டவன். அத்தான் மறுபடி மாடியேறினார். தான் மாட்டிய ஒயரைத் தானே கழற்றினார். என் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கம்பெனி கரண்ட் ஏறியவை என்று ஆபீஸில் பூட்டி வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஆலை வாசலில் விளம்பரப் பலகை வைத்தார்கள். 'சூரியன் தந்த சுவாசம்' என்று எழுத்து வேறு. இருட்டினால் பளபளக்க வேண்டுமாம். அதற்கென்று தனியாக ஒரு டீசல் ஜெனரேட்டர். விளக்கு மாட்டும் வேலை அத்தானுக்கே வந்தது.

"சார், இதுலேர்ந்து வீட்டுக்கு ஒரு லைன் மட்டும்..." என்று இழுத்தார்.

"அது விளம்பரக் கணக்குப்பா. வீட்டுக்குக் குடுத்தா ஆடிட்ல கேப்பாங்க."

இப்போதெல்லாம் கரண்ட் போனதும் அத்தான் மெஷினையும் ஒரு நாற்காலியையும் ஆலை வாசலுக்குத் தூக்கிவருகிறார். பலகைக்கு அடியிலிருக்கும் பிளக்கில் மெஷினைச் செருகி அக்காவை உட்காரவைக்கிறார். மேலே அவள் சிரிக்கிறாள், கீழே அவள் இருமுகிறாள். மேனேஜரின் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்துபோகிறது. படத்திலிருப்பவளையே விரட்ட அவருக்கும் துணிச்சல் வரவில்லை.

நேற்று வாசல் செக்யூரிட்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. நாளைக்கு பணம் குடுக்கறவங்க மறுபடி வர்றாங்களாம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க இங்க உக்கார வேணாம்னு மேனேஜர் சொல்லச் சொன்னாரு."

அக்கா மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"சரிப்பா, வரல. நாளைக்கு ஒரு நாள் மூச்சையும் நிறுத்தி வச்சுக்கணுமான்னு அவர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லு."