கேப்டன் படுத்த அறை

ஏணி உச்சியில் உட்கார்ந்து, எண்ணெயும் குங்கிலியமும் தோய்த்த பஞ்சைப் பலகை இடுக்கில் உளியால் திணிக்கிறார் காஜா மொய்தீன். படகுக்குச் செய்கிற வேலை. இவர் வீட்டுக்குச் செய்கிறார். “ஓட்டை அடைக்கிறீர்களா, பாய்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இன்னா நைனா, வூட்லதான் ஓட்ட வரும். இது கப்பலு. இதுக்குப் பேரு கலப்பத்து!”

எங்கள் ராயபுரத்துத் தெருவில் எல்லாரும் செங்கல்லுக்குள் குடியிருக்க, துறைமுகக் கலாசியான இவர் மட்டும் தேக்குக்குள் குடியிருக்கிறார். புயலில் கரைதட்டிய கப்பலை உடைத்து ஏலம் விட்டபோது, இவருடைய அத்தா பலகைகளை எடுத்து வந்து வீடாக்கினாராம். மாடி ஏறுவதை ‘டெக்குக்குப் போறேன்’ என்பார். கடற்காற்றில் வீடு முனகினால், “கெளம்பப் பாக்குது” என்று சிரிப்பார். ஆனால் பெரிய பெருமை உள்ளறைதான். கப்பல் கேப்டன் படுத்த அறையாம். சாட்சிக்குப் பலகையில் இங்கிலீஷ் எழுத்து உண்டு. வெளி ஆண்கள் நுழையாத அறை என்பதால், அதைப் படித்துச் சொல்ல ரொம்ப நாள் ஆள் வாய்க்கவில்லை.

போன வாரம் கார்ப்பரேஷன் கட்டட இன்ஸ்பெக்டர் அருள்பிரகாசம் வந்தார். ஆட்டம் கண்டிருந்தால் வீட்டை இடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. பாயின் மனைவி ஜீனத் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். பாய் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டார்.

“கேப்டன் ரூமு, சார். அவுரு பேர்கூட எய்திகீது, பாருங்க.”

இன்ஸ்பெக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு இடுப்பை வளைத்துத் தலைகீழாகப் பார்த்தார். தச்சர் பலகையைக் கவிழ்த்து அடித்திருந்தார்.

“பேர் இல்லை, பாய். ‘குதிரைகள், எட்டு’ன்னு போட்டிருக்கு. இது லாயம்!”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாயின் முகம் சுருங்கியது. ஒரு கணம்தான்.

“சரி சார். கேப்டன் சொம்மா படுத்துகினு வந்துருப்பாரு. எட்டுக் குதுரயும் நின்னுகினு, அலைக்கு அலை ஒதைச்சிகினு வந்துகீது. அதுக்கே ஒடையல. நீங்க ஒரு ஒத வுட்டுப் பாருங்க!”

இன்ஸ்பெக்டர் நிஜமாகவே பூட்ஸ் காலால் உதைத்தார். பலகை அசையவில்லை, அவர்தான் நொண்டினார். மற்றச் சுவர்களையும் தட்டிப் பார்த்துவிட்டு, ‘உறுதியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாய் பலகை அருகே போய் நின்றார். கண் கலங்கியிருந்தது. ஜட்கா வண்டிக்காரர் தம் குதிரையின் கழுத்தில் தட்டுவாரே, அப்படி அதை இரண்டு தட்டுத் தட்டினார்.